ராத்திரியானால் ரேடியோவில் ‘சோ’வென்ற இரைச்சல்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

பகல் முழுக்கத் தெளிவாகக் கேட்ட நிலையம், விளக்கு வைக்கும் நேரம் தாண்டியதும் தூரத்து மழை போன்ற ஓர் இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. பேச்சு கேட்கிறது, ஆனால் அதன் மேல் ‘சோ’வென்று ஒரு போர்வை. காலையில் எழுந்து போட்டால் மறுபடி பளிச்சென்று இருக்கிறது. மீடியம் வேவ் (ரேடியோவில் ஏஎம் அல்லது எம்டபிள்யூ என்று போட்டிருக்கும் பகுதி) கேட்கும் பலரும் இதைப் பெட்டியின் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பழைய செட்டைப் பிரித்து நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப் காயில்களைத் திருகிப் பாழாக்கினேன். அதனால் முதல் வேண்டுகோள்: கீழே சொல்லும் சோதனைகளை முடிக்கும்வரை ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள்.

இந்த இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டே. ஒன்று, வேறு ஊரிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலிபரப்பு. மற்றொன்று, நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் மின்சாதனம். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். மருந்து மட்டும் முழுக்க வேறு. அதனால் எது என்று பிரித்து அறிவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் எண்ணைப் பாருங்கள்

மீடியம் வேவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல துப்பறியும் கருவி ஓர் எளிய கணக்கு. 1975-இல் ஜெனீவாவில் போட்ட உடன்பாட்டின்படி ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாவற்றிலும் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. 531-இல் தொடங்கி 1602 வரை எல்லாம் 9-ஆல் வகுபடும் எண்கள். ஆகவே எந்த நிலையத்தின் எண்ணிலும், அதாவது அதன் கிலோஹெர்ட்ஸ் அளவில், இலக்கங்களைக் கூட்டினால் கடைசியில் 9 வரும். சென்னை 720: ஏழும் இரண்டும் ஒன்பது. திருச்சி 936: கூட்டினால் 18, அதையும் கூட்டினால் 9. திருநெல்வேலி 1197, திருவனந்தபுரம் 1161, எதை வேண்டுமானாலும் கூட்டிப் பாருங்கள்.

இப்போது அகில இந்திய வானொலி பயன்படுத்தும் டிஜிட்டல் முறைக்கு வருவோம். அதன் பெயர் டிஆர்எம் (Digital Radio Mondiale). மீடியம் வேவில் மட்டும் 35 டிரான்ஸ்மிட்டர்கள் இந்த முறைக்கென நிறுவப்பட்டன. ஒரே டிரான்ஸ்மிட்டரில் பழைய ஏஎம் ஒலிபரப்பும் டிஜிட்டலும் சேர்ந்து போகும்போது, பழையது தன் இடத்திலேயே இருக்கும், டிஜிட்டல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே உட்காரும். சென்னை 720 என்றால் டிஜிட்டல் 730. பெங்களூரு 612 என்றால் 622. 730-இன் எண்களைக் கூட்டுங்கள்: பத்து. ஒன்பது வரவில்லை. ‘சோ’ சத்தத்தின் நடுப்பகுதி இப்படி ஒன்பதுக்குள் அடங்காத ஓர் எண்ணில், ஏதாவது ஒரு நிலையத்துக்குச் சரியாகப் பத்து மேலே இருந்தால், அது டிஜிட்டல்தான் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

இதற்கு எண் காட்டும் டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள ரேடியோ இருந்தால் வசதி. வாங்கியதும் அதில் 9-ஆ 10-ஆ என்ற செட்டிங்கைச் சரிபார்த்துவிடுங்கள். அமெரிக்காவுக்கான 10 செட்டிங்கில் இருந்தால் தேடும்போது ரேடியோ 738-க்குப் பதில் 740-இல் போய் நிற்கும், எல்லா நிலையமும் கொஞ்சம் கொஞ்சம் கரகரக்கும். இதையே இடையூறு என்று நினைத்து மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி: இருட்டிய பிறகு மட்டும் வருகிறது, மெல்ல ஏறி இறங்குகிறது

இது டிஜிட்டலின் நேரடி அடையாளம். பகலில் தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், வளிமண்டலத்தின் ‘டி’ என்ற அடுக்கு மீடியம் வேவ் அலைகளை உறிஞ்சிவிடும். அதனால் பகலில் தரையை ஒட்டி வரும் அலை மட்டுமே நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகிறது. அலைகள் இன்னும் மேலே ஏறி, அங்கிருக்கும் அடுக்குகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. பகலில் இல்லாத டிஜிட்டல் சத்தம் ராத்திரி நம் வீட்டுக்கு வருவது இந்த வழியில்தான்.

வானில் பட்டு வருவதால் அதன் பலம் நிலையாக இருக்காது. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று அலை போல ஏறி இறங்கும். ரேடியோவைத் தொடாமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். இப்படி மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால் தூரத்திலிருந்து வருகிறது. ஆணி அடித்தது போல ஒரே அளவில் நின்றால் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, அகலத்தை அளந்து பாருங்கள். ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸாக நகர்த்தி, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறியுங்கள். டிஆர்எம் என்பது இருநூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய அலைகளை 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கியது. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் காதுக்குச் சமதளமான இரைச்சலாகக் கேட்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்பக் கூடாது, குறையாது. இரண்டு ஓரமும் மதில் வெட்டியது போலச் சட்டென்று நிற்கும். சென்னைக்கானது 725-இல் தொடங்கி 735-இல் முடியும், அவ்வளவுதான். உங்கள் ரேடியோவின் பில்டர் (வேண்டிய எண்ணை மட்டும் உள்ளே விடும் சல்லடை) அகலத்தால் இரண்டு பக்கமும் ஓரிரண்டு கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகத் தெரியலாம்.

சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அது நீங்கள் கேட்க விரும்பும் நிலையம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டிஜிட்டல் மேல் பக்கத்தில் மட்டுமே உட்காருவதால், அதற்குக் கீழே இருக்கும் பக்கத்து நிலையம் தப்பித்துவிடும். 720-க்கு அடுத்த மேல்வீடு 729. அது 725 முதல் 735 வரையிலான இரைச்சலுக்குள் முழுக்கப் புதைந்துவிடுகிறது. டிஜிட்டல் பலமாக வரும் ஊரில் இருந்தபடி குவாஹாட்டியின் 729-ஐ ராத்திரி கேட்க முயல்கிறவருக்குப் பில்டர் எதுவும் உதவாது. திசையை வைத்துத்தான் போராட வேண்டும். ஆனால் அதற்கும் அடுத்த வீடான 738-இன் நிலைமை அப்படியில்லை. ஹைதராபாத் நிற்கும் இந்த எண்ணுக்கும் இரைச்சலின் ஓரமான 735-க்கும் நடுவில் 3 கிலோஹெர்ட்ஸ் இடம் இருக்கிறது. மனிதக் குரல் புரிவதற்கு அந்த 3 போதும். பெங்களூருவின் 622-ஐயும் திருச்சூரின் 630-ஐயும் எடுத்துக்கொண்டாலும் இதே கணக்கு: இரைச்சல் 627-இல் முடிகிறது, நடுவில் 3 இருக்கிறது.

ஆக, 738, 630 போன்ற இரண்டாம் வீட்டுக்காரர்களுக்கு:

பேண்ட்விட்த், அதாவது பில்டரின் அகலம், மாற்றும் வசதி இருந்தால் குறையுங்கள். டெக்சன் பிஎல்-380 போன்ற சிறிய செட்களில்கூட 6, 4, 3, 2, 1 என்று தேர்ந்தெடுக்கலாம். 4 அல்லது 3-இல் வையுங்கள். குரல் கொஞ்சம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கும், ஆனால் இரைச்சல் பெரும்பகுதி போய்விடும்.

அந்த வசதி இல்லையா, ட்யூனிங்கை இரைச்சலுக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். 738-ஐ 739 அல்லது 740-இல் வைத்துக் கேளுங்கள். ஏஎம் ஒலிபரப்பில் ஒரே பேச்சு நடு அலையின் (நிலையத்தின் எண்ணிலேயே நிற்கும் அலை) இரண்டு பக்கமும் நகல் எடுத்தது போல இருக்கிறது. ஒரு பக்கம் அழுக்கானால் மறுபக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்பி (ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கும் வசதி) உள்ள ரேடியோவில் இதை இன்னும் சுத்தமாகச் செய்யலாம்: இரைச்சல் கீழே இருந்தால் யுஎஸ்பி (மேல் பக்கம்), மேலே இருந்தால் எல்எஸ்பி (கீழ்ப் பக்கம்). ட்யூனிங்கை மட்டும் பாட்டின் சுருதி பிசகாத அளவுக்கு நுணுக்கமாக நிறுத்த வேண்டும்.

திசையை வைத்து வெட்டுவது

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், என் அனுபவத்தில் மற்ற எல்லா வித்தையையும்விட இதுதான் அதிகம் பயன்பட்டது, காசும் ஆகாது.

மீடியம் வேவுக்கு அந்த நீட்டும் கம்பி ஏரியல் வேலை செய்வதில்லை. பெட்டிக்குள்ளே கருப்புக் குச்சியாக ஃபெரைட் ராட் ஒன்று படுத்திருக்கும், பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில். அதன் இரண்டு நுனிகளும் காட்டும் திசையிலிருந்து வரும் அலையை அது வாங்காது. பக்கவாட்டில் வருவதை நன்றாக வாங்கும். என் ரேடியோவின் முதுகில் ராட் கிடக்கும் திசையை மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் தரையில் சாக்பீஸால் வடக்கு தெற்கு கீறி, அதன் மேல் பெட்டியை வைத்து, தட்டில் தோசையைத் திருப்புவது போல மெதுவாகச் சுற்றுவேன். முழுச் சுற்றில் ஓரிடத்தில் இரைச்சல் திடீரென்று பள்ளத்தில் விழும். அந்தப் பள்ளம் மிகக் குறுகலானது, விரலால் லேசாகத் தள்ளினாலே தாண்டிவிடும். அதனால் அவசரம் கூடாது.

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு 630-ஐக் கேட்க விரும்புகிறவரை எடுத்துக்கொள்வோம். திருச்சூர் அவருக்கு மேற்கே. பெங்களூரு வடக்கே, கொஞ்சம் கிழக்குச் சாய்வில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய செங்கோணம். ராட் நுனியைப் பெங்களூரு பக்கம் காட்டினால் இரைச்சல் அடங்கும், அதே நிலையில் திருச்சூர் பக்கவாட்டில் முழுப் பலத்தோடு வரும். இதைவிட நல்ல அமைப்பு அமைவது அரிது. மாறாக, நீங்கள் விரும்பும் நிலையமும் இரைச்சலும் ஒரே திசையில் இருந்தாலோ, எதிரெதிர்த் திசையில் இருந்தாலோ, சுற்றுவதால் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே குறையும்.

வானிலிருந்து இறங்கும் அலைக்குப் பள்ளம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சுற்றியது போதவில்லையென்றால் பெட்டியின் ஒரு நுனியைச் சற்றுத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். நான் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை ஒரு முனைக்கு அடியில் சொருகுவேன். சில ராத்திரிகளில் அந்தச் சாய்வில்தான் காரியம் நடந்தது.

கைவேலை பிடித்தவர்கள் மரச்சட்டத்தில் ஒரு லூப் ஏரியல் கட்டிக்கொள்ளலாம். பக்கத்துக்கு இரண்டடி நீளமுள்ள சதுரச் சட்டம், பத்துப் பன்னிரண்டு சுற்று கம்பி, இரண்டு முனைகளையும் பழைய செட்டிலிருந்து எடுத்த கேங் கண்டன்சரில் (ட்யூனிங் குமிழோடு திரும்பும் உறுப்பு) இணைத்தால் முடிந்தது. ரேடியோவோடு ஒயர் எதுவும் இணைக்க வேண்டாம், பக்கத்தில் வைத்து கேங்கைத் திருப்பினால் நிலையம் ஓரிடத்தில் பொங்கி எழும். ரேடியோவை அதன் அருகிலேயே வைத்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் பள்ளமும் ஆழமாகக் கிடைக்கும்.

அறிகுறி: எல்லா எண்ணிலும் இரைச்சல்

531 முதல் 1602 வரை எங்கே திருப்பினாலும் அதே கரகரப்பு, அல்லது 60, 70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை தவறாமல் ஒரு முரட்டுச் சத்தம் வருகிறது என்றால், டிஜிட்டல் ஒலிபரப்பை விட்டுவிடுங்கள். அது வீட்டுக்குள் இருக்கிறது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. இவற்றின் சத்தத்தில் அடியில் ஒரு ‘கிர்ர்ர்’ முனகல் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் வரும் முனகல் அது. டிஜிட்டல் ஒலிபரப்பில் இந்த முனகல் வராது.

இதுவும் ராத்திரியில்தான் அதிகம் வரும் என்பதுதான் குழப்பம். காரணம் எளிது, விளக்கு போடுவது ராத்திரியில்தானே.

சோதனை: ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து. சத்தம் போய்விட்டால் ஒவ்வொரு சுற்றாக மறுபடி போட்டு எது என்று கண்டுபிடிக்கலாம். போகவில்லையென்றால் பக்கத்து வீடாகவும் இருக்கலாம், அதனால் தெரு முழுக்கக் கரண்ட் போகும் நேரத்துக்குக் காத்திருப்பதுதான் மிகச் சுத்தமான சோதனை. ஒரு சித்திரை மாதத்து ராத்திரி கரண்ட் போனபோது நான் செல் போட்ட ரேடியோவோடு திண்ணையில் இருந்தேன். மூன்று மாதமாக டிஜிட்டல் என்று நான் நம்பிக்கொண்டிருந்த இரைச்சல் அந்த நொடியில் நின்றது. கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்க் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி ‘சோ’. மறுநாள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், யாரும் பார்க்காத டிவி ஒன்றின் அடாப்டர் பிளக்கிலேயே கிடந்தது. அந்த இரவுக்குப் பிறகு, முதலில் கரண்டை அணைக்காமல் எந்த இரைச்சலைப் பற்றியும் நான் முடிவு சொல்வதில்லை.

அறிகுறி: ‘கீ’ என்று விசில்

விசில் என்றால் அது டிஜிட்டல் இல்லை. இரண்டு நிலையங்களின் நடு அலைகள் ஒன்றோடொன்று மோதினால் விசில் பிறக்கும். டிஆர்எம்முக்கு அப்படித் தனித்து நிற்கும் பலமான நடு அலை கிடையாது. பழைய முறை நிலையம் ஒன்று எண் பிசகி நிற்கலாம், இல்லையென்றால் ஏதோ அடாப்டர். ட்யூனிங்கை நகர்த்தும்போது சுருதி மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் அது உங்கள் ரேடியோவுக்குள்ளேயே பிறக்கிறது.

அறிகுறி: பக்கத்து ஊர் நிலையத்திலேயே, பகலிலும் இரைச்சல்

சென்னைக்கு அருகில் இருந்துகொண்டு 720-ஐக் கேட்கிறீர்கள், பின்னணியில் எப்போதும் மெல்லிய ‘ஸ்ஸ்’. இது அதே டிரான்ஸ்மிட்டரின் டிஜிட்டல் பகுதி, உங்கள் ரேடியோவின் அகலமான பில்டர் வழியே உள்ளே நுழைவது. திசையால் வெட்ட முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே கோபுரத்திலிருந்து வருகின்றன. பேண்ட்விட்தைக் குறையுங்கள், அல்லது 719, 718 என்று கீழே நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: சரியாக மணி அடித்தாற்போலத் தொடங்கி நிற்கிறது

சில மணி நேரம் இருவகையும் சேர்ந்து, சில நேரம் முழு டிஜிட்டலாக, சில நேரம் பழைய முறையில் மட்டும் என்று நிலையங்கள் மாற்றி மாற்றி ஒலிபரப்புவதுண்டு. அதனால் சத்தம் தொடங்கிய, முடிந்த நேரத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். தினமும் முழு மணிக்கோ அரை மணிக்கோ ஒட்டி வந்தால் டிரான்ஸ்மிட்டரில் யாரோ சுவிட்ச் போடுகிறார்கள் என்று பொருள். முழு டிஜிட்டலாக மாறும்போது சத்தம் உட்காரும் இடமும் மாறலாம். அப்போது பழைய எண்ணில் பேச்சே இருக்காது, வெறும் இரைச்சல்தான் இருக்கும். அதைக் கேட்டு ரேடியோ கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: டிஆர்எம் ரேடியோவில் ராத்திரி விட்டுவிட்டுக் கேட்கிறது

இது எதிர்ப்பக்கத்துக் குறை. பகலில் சுத்தமாகக் கேட்ட டிஜிட்டல் ஒலி, ராத்திரி இரண்டு சொல் வருவதும் மௌனமாவதுமாக இருக்கும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து நடுத்தரத் தூரத்தில், தரையோடு வரும் அலையும் வானில் பட்டு வரும் அலையும் சம பலத்தில் சந்திக்கும் ஊர்களில் இது அதிகம். ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய முறையில் இது குரல் மங்குவதாகக் கேட்கும், டிஜிட்டலில் நடுவழி கிடையாது, கேட்கும் அல்லது அறவே கேட்காது. வெளி ஏரியலை மாற்றி, திருப்பிப் பார்க்கலாம். காரில் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டினாலே மாறிவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு

நியூஜெர்சி, டெக்சாஸ் பக்கம் இருக்கும் தமிழர்களும் இதே குறையைச் சொல்வதுண்டு. அங்கே கணக்கு வேறு. நிலையங்களுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ‘எச்டி ரேடியோ’ எனப்படும் அங்குள்ள முறையில் டிஜிட்டல் பகுதி பழைய ஒலிபரப்பின் இரண்டு பக்கமும் பரவி, 15 கிலோஹெர்ட்ஸ்வரை போகிறது. ராத்திரியிலும் அதை ஒலிபரப்ப 2007 செப்டம்பர் 14 முதல் அனுமதி கிடைத்தது. 1030-இல் நிற்கும் ஒரு நிலையம் எச்டியில் ஒலிபரப்பினால் அதன் டிஜிட்டல் பகுதி 1020, 1040 என்ற இரண்டு வீடுகளிலும் நுழையும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த முறையில் டிஜிட்டலின் பலமான பகுதி நடு அலையிலிருந்து 10-க்கும் 15-க்கும் இடையில் நிற்கிறது. 5-க்கும் 10-க்கும் இடையில் இருப்பது அதைவிட மெலிந்தது. எனவே 1040-ஐக் கேட்கிறவருக்கு மேல் பக்கம்தான் அதிக அழுக்கு, இரைச்சல் போடும் நிலையத்தை ஒட்டிய கீழ்ப் பக்கம் கொஞ்சம் சுத்தம். நம் ஊரில் செய்வதற்கு நேர்மாறாக, அங்கே ட்யூனிங்கை இடையூறு செய்யும் நிலையத்தை நோக்கி ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்த்துங்கள்: 1039, அல்லது எல்எஸ்பி. 1020-ஐக் கேட்கிறவர் 1021, அல்லது யுஎஸ்பி. திசையால் வெட்டும் வித்தை அங்கும் அப்படியே பொருந்தும்.

எதுவும் சரிவராதபோது

கரண்ட் சோதனை, எண் கணக்கு, பில்டர், திசை நான்கும் முடிந்தும் இரைச்சல் நிற்கிறது என்றால், அது எழுதித் தெரிவிக்க வேண்டிய விஷயம். ராத்திரி மீடியம் வேவ் எந்த ஒரு நிலையத்தின் சொத்தும் கிடையாது. ஓர் ஊரின் புதிய வசதி இன்னோர் ஊரின் ஒரே செய்தி வழியை மூடுகிறது என்றால், அதைக் கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டிரான்ஸ்மிட்டர் அறையில் இருக்கும் பொறியாளருக்கு அது தெரிய வழியே இல்லை.

நீங்கள் கேட்க முயலும் நிலையத்தின் பொறியியல் பிரிவுக்கு எழுதுங்கள். “ராத்திரி சரியாகக் கேட்கவில்லை” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. தேதி, இந்திய நேரப்படி தொடக்கமும் முடிவும், உங்கள் ஊர், ரேடியோவின் மாடல், இரைச்சல் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை, எந்தத் திசையில் ராட் நுனியைக் காட்டினால் அடங்குகிறது, மெயின் அணைத்துச் சோதித்தீர்களா, இவ்வளவும் வேண்டும். கூடவே செல்போனில் ஒரு நிமிடப் பதிவு: முதல் இருபது நொடி நிலையத்தின் எண்ணில், அடுத்த இருபது நொடி இரைச்சலின் நடுவில், கடைசி இருபது நொடி பள்ளத்தில் நிறுத்தி. பதிவின் தொடக்கத்தில் எண்ணையும் நேரத்தையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். செல்போனை ரேடியோவிலிருந்து ஓரடி தள்ளியே வையுங்கள், அதன் சத்தமும் பதிவில் ஏறிவிடும்.